சிறுபாட்டும் சான்றோர் அவையும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குக் கிழக்கே வங்கக் கடல், பக்கத்தே கழி, கழியை அடுத்துக் கட்டம் கட்டமாக வரப்பிடப்பட்ட உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தை ஒட்டி, அளத்து வேலை தொடங்கும். பாத்திகளைச் சீராக்கி, தரையை மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாய்ச்சுவர். கோடை வெயில் ஏறஏற, நீர் சுண்டி வெண்ணிற உப்பு விளையும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை அனைத்தும் உணவுக்கு உதவும் உப்பு அல்ல. பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றிச் சுண்டவைக்கும்பொழுது, முதற்கண் சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்கள் தனியே படிந்துவிடும். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாய்ச் சென்ற பின்னரே கறியுப்பு மணிமணியாகத் தோன்றும். அதற்கு மேலும் காலம் தாழ்த்தினால், மெக்னீசிய உப்புகளும் உடன்படிந்து கசப்பேற்றும். ஆதலின் எஞ்சிய நீரை உரிய காலத்தில் வடித்துவிட்டு உப்பை வாருவர். எதனைக் களைவது, எப்பொழுது நிறுத்துவது என்னும் இரண்டையும் அறிந்தவரே தேர்ந்த அளத்தொழிலாளர் ஆவர்.

பாட்டு இயற்றும் தொழிலும் இத்தகையதே. உள்ளத்தில் கடல்போல் பரந்து கிடக்கும் உணர்ச்சியிலிருந்து வேண்டாதவற்றைக் களைந்து, வேண்டுவதை மட்டும் சில சொற்களில் நிறுத்துதல் புலவர் கடன். சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் நூலின் அழகுகளுள் முதலில் வைத்தார் நன்னூலார். ஆயின், இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிது. மிகச் சுருக்கினால் பொருள் விளங்காது. மிக விளக்கினால் சுருக்கம் கெடும். இரண்டுக்கும் இடையே உள்ள அளவைப் புலவர் தாமே அறிதல் கடினம். ஏனெனில், தாம் கருதியதும் தாம் எழுதியதும் அவர் உள்ளத்தில் ஒன்றாய்க் கலந்து நிற்கும். எழுதாமல் விட்டதையும் எழுதியதாகவே அவர் படித்துக்கொள்வார். கேட்பவருக்கோ எழுதிய சொல் மட்டுமே கிடைக்கும். ஆதலின், ஒரு பாட்டு தன் முழு வடிவைப் பெறுவதற்குப் பிறர் செவியும் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தே, பழங்காலந்தொட்டுப் புலவர்கள் அவை கூடிப் பாட்டை ஆராய்ந்தனர்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதியது அன்று. மரக்காணக் கடற்கரையே பழந்தமிழ்ப் பாட்டோடு தொடர்புடையதுதான். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடன் என்னும் வள்ளலைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதில் பேசப்பெறும் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நிலத்து ஊர் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. அதனைப் பாடிய நத்தத்தனார், அண்மையில் உள்ள இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளை ஓட்டிச் செல்லும் காட்சியை அப்பாட்டில் அவர் தீட்டியுள்ளார். அவர்களோடு வந்த பெண்குரங்கு ஒன்று, முத்தை உள்ளே இட்டு மூடிய சிப்பியைக் கிலுகிலுப்பையாகக் கொண்டு, உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. முத்தின் விலை இவ்வளவு என்றோ, அந்நாட்டின் செல்வம் இத்தகையது என்றோ புலவர் விரித்துரைக்கவில்லை. முத்து குரங்கின் கையில் விளையாட்டுப் பொருளாய்க் கிடப்பதைக் காட்டினார். காட்டியவுடன் நாட்டின் வளம் தானே விளங்கிவிட்டது. சொல்லாமல் காட்டும் இத்திறமே சிறுபாட்டுக்கு உயிர். 269 அடிகளைக் கொண்ட நெடும்பாட்டினுள்ளும் இத்தகைய சிறு காட்சிகள் ஒளிர்கின்றன. மூன்று அடி முதல் ஆறு அடி வரை அமைந்த பாடல்களைத் தொகுத்த ஐங்குறுநூறு, தமிழர் குறும்பாட்டில் கொண்டிருந்த விருப்பத்துக்குச் சான்றாகும். அந்நூலின் நெய்தற்பாடல்கள் நூறும் அம்மூவனார் பாடியவை.

பாட்டையும் நூலையும் அவையில் வைத்து ஆராய்ந்த செய்திகளும் தமிழில் பல உள. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னர் அரங்கேறியதென அந்நூலின் பாயிரம் உரைக்கின்றது. மதுரையில் இருந்த மூன்றாம் சங்கத்தில் 49 புலவர் தமிழ் ஆராய்ந்தனர் என இறையனார் அகப்பொருள் உரை கூறும். அவ்வுரையே மற்றொரு செய்தியையும் தருகின்றது. இறையனார் அகப்பொருளுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எவ்வுரை சிறந்தது என முடிவு செய்தல் அவர்களுக்கு இயலாதாயிற்று. அப்பொழுது உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுடைய ஊமைப் பிள்ளையை நடுவனாக அமர்த்தி, ஒவ்வொருவர் உரையையும் படித்தனர். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபொழுது அப்பிள்ளை சிலவிடங்களில் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரையைக் கேட்டபொழுதோ பதந்தோறும் கண்ணீர் வார்த்தான். அதனால் நக்கீரர் உரையே மெய்யுரை என அனைவரும் ஏற்றனர்.

இது வரலாறு அன்று. வழிவழி வந்த கதை எனலாம். எனினும் அதனுள் ஓர் ஆழ்ந்த கருத்து அமைந்துள்ளது. நடுவனாக அமர்ந்த பிள்ளைக்கு எப்புலவர்பாலும் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. புலவருடைய பெயரும் புகழும் அவனுக்கு ஒரு பொருட்டல்ல. சொல் மட்டுமே அவன் செவியை எட்டியது. எழுதியவர் இன்னார் என்பதை மறந்து, எழுத்தை மட்டும் நோக்குபவரே நல்ல நடுவர் என்பது அக்கதையின் பொருளாகும்.

இக்கருத்தையே ஒரு முறையாக வகுத்து, இன்றும் கையாண்டு வருபவர் ஜப்பானியக் கவிஞர். அவர்களுடைய சிறுபாட்டின் பெயர் ஹைக்கூ. அப்பாட்டைத் தமிழருக்கு முதன்முதலில் அறிமுகம் செய்த பெருமை பாரதியாரைச் சாரும். 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் வாழ்ந்தார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த மாடர்ன் ரிவியூ இதழில் நோகுச்சி என்னும் ஜப்பானியப் புலவர் எழுதியதைப் படித்த அவர், ஜப்பானியக் கவிதை பற்றி 1916ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசமித்திரனில் ஒரு கட்டுரை வரைந்தார். மரக்காணத்து உப்பளங்களைத் தழுவும் அதே கடற்கரையில் இருந்தே ஹைக்கூ தமிழுக்குள் வந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஹைக்கூ மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதியில் ஐந்தும், இடைப்பகுதியில் ஏழும், இறுதிப்பகுதியில் ஐந்துமாகப் பதினேழு ஒலியளவுகள் அமையும். இவ்வொலியளவு தமிழ் மாத்திரையை ஒத்தது. குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் எனக் கணக்கிடுவதில் இருமொழியும் ஒன்றுபடுகின்றன. பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று பாட்டில் வருதல் மரபு. நம் முன்னோர் திணைக்குரிய பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் கருப்பொருளையும் பாட்டில் அமைத்ததை இதனோடு ஒப்பிடலாம். பாட்டின் இடையே ஒரு நிறுத்தம் உண்டு. அந்நிறுத்தத்தின் இருபுறமும் இரண்டு காட்சிகள் நிற்கும். அவற்றை இணைக்கும் பாலத்தைப் புலவர் கட்டுவதில்லை. படிப்பவர் உள்ளமே கட்டிக்கொள்கின்றது.

இப்பாட்டு தோன்றிய வரலாறே கூட்டுறவின் வரலாறாகும். பழைய ஜப்பானில் புலவர் பலர் ஒருங்கு கூடி, ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் தொடர்ந்து பாடித் தொடர்கவிதை புனைந்தனர். அத்தொடரின் முதற்பாட்டே பிற்காலத்தில் தனித்து நின்று ஹைக்கூ ஆயிற்று. அதனைப் பெருங்கலையாக உயர்த்தியவர் பாஷோ. 1644இல் பிறந்து 1694இல் மறைந்த அவர், நெடுவழி பல நடந்தவர். ஆயினும் தனித்தே பாடியவர் அல்லர். செல்லுமிடமெல்லாம் மாணவரைக் கூட்டிப் பாட்டை ஆராய்ந்தார். அவருடைய மாணவருள் ஒருவராகிய கியோராய், அவ்வாராய்ச்சிகளை ஒரு நூலில் குறித்துவைத்தார். அதில் காணப்படும் மூன்று நிகழ்ச்சிகள், நல்ல அவை எவ்வாறு பாட்டைச் செப்பஞ்செய்யும் என்பதை இனிது விளக்கும்.

போன்ச்சோ என்னும் மாணவர், குவிந்த பனியின்மேல் இரவில் மழை பெய்யும் காட்சியைப் பாடினார். பிற்பகுதி அமைந்துவிட்டது, முதற்பகுதிக்கு உரிய சொல் கிட்டவில்லை. உடனிருந்தோர் பலவற்றைச் சொல்லிப் பார்த்தனர். முடிவில் பாஷோ, கியோத்தோ நகரின் தென்பகுதிப் பெயரை அங்கே வைத்தார். எளிய மக்கள் நெருங்கி வாழும் பகுதி அது. அப்பெயர் வந்தவுடன், பனிக்கும் மழைக்கும் அடியில் விளக்கெரியும் வீடுகளும் அவற்றுள் உறங்கும் மக்களும் கண்முன் தோன்றினர். இதனினும் சிறந்த சொல் ஒன்று உண்டாயின், இனிப் பாட்டைப் பற்றித் தாம் பேசுவதில்லை எனப் பாஷோ உறுதி கூறினார். எழுதியவருக்குக் கிட்டாத சொல் கேட்டவருக்குக் கிட்டியது.

மற்றொரு முறை பாஷோவின் பாட்டே ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. ஓமி நாட்டு மக்களுடன் இருந்து, கழிந்து செல்லும் இளவேனிலை எண்ணி வருந்துவதாக அவர் பாடியிருந்தார். ஷோஹாகு என்னும் மாணவர், அந்நாட்டின் பெயருக்கு மாற்றாக வேறொரு நாட்டின் பெயரையும், இளவேனிலுக்கு மாற்றாகக் கழியும் ஆண்டையும் வைத்தாலும் பாட்டு கெடாதே எனத் தடை எழுப்பினார். ஆசிரியர் பாட்டு என அவர் அஞ்சவில்லை. அதனைக் கேட்டு ஆசிரியரும் சினக்கவில்லை. உன் கருத்து யாது எனக் கியோராயை வினவினார். ஓமி நாட்டில் பரந்த ஏரி உண்டு. அதன்மேல் இளவேனிலில் மென்பனி படரும். அங்கு நின்றார்க்கே அப்பருவத்தின் பிரிவு வருத்தம் தரும். ஆதலின் இரு சொல்லும் மாற்றத்தகாதன எனக் கியோராய் விடைகூறினார். பாஷோ மகிழ்ந்தார். ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துப் பார்த்தல் எத்துணைச் சிறந்த சோதனை! வேறொரு சொல் வெல்ல முடியாத சொல்லையே சொல்லவேண்டும் எனச் சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவே அன்றோ?

மூன்றாம் நிகழ்ச்சி வியப்பானது. நிலவொளியில் பாறை முனையில் நிலவைக் காண வந்த மற்றொருவரைத் தாம் கண்டதாகக் கியோராய் ஒரு பாட்டுப் பாடினார். அதனைக் கேட்ட பாஷோ, அங்கு நிற்பவர் வேறொருவர் அல்லர், பாடுபவரே என்று பொருள்கொண்டால் பாட்டு மேலும் சிறக்கும் என்றார். நிலவை நோக்கி, தாமும் ஒருவராய் இங்கு இருப்பதாகப் புலவரே தம்மை அறிவிக்கின்றார் என்பது அப்பொருள். கியோராய் தாம் எண்ணியதைவிட ஆசிரியர் கண்ட பொருளே உயர்ந்தது என ஒப்புக்கொண்டார். அவை குற்றம் காண்பதற்கு மட்டும் உரியது அன்று. பாடியவரும் அறியாத அழகைக் கண்டு காட்டுதலும் அதன் தொழில் என்பது இதனால் பெறப்படும்.

காலப்போக்கில் இந்நன்முறை தளர்ந்தது. மாதந்தோறும் பாட்டுகளைப் பெற்று, கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் இடும் ஆசிரியர் பெருகினர். அவர் விரும்பும் பழகிய சொற்களையே மாணவரும் அடுக்கினர். பாட்டில் உயிர் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலையை மாற்ற எழுந்தவர் மசாவோகா ஷிகி. 1867இல் மட்சுயாமா நகரில் பிறந்த அவர், இருபத்திரண்டாம் வயதிலேயே காசநோய்க்கு ஆளாகிக் குருதி கக்கினார். குருதி கக்கும்வரை கூவும் எனச் சொல்லப்படும் குயிலினப் பறவை ஒன்றின் பெயரே ஷிகி என்பது. அதனையே அவர் புனைபெயராகக் கொண்டார். நோய் முதுகெலும்பைப் பற்றி, இறுதி ஆண்டுகளில் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. டோக்கியோவின் நெகிஷிப் பகுதியில் இருந்த அவருடைய சிறு வீட்டில், படுக்கையைச் சுற்றி இளங்கவிஞர் கூடினர். தகஹாமா கியோஷியும் கவாஹிகாஷி ஹெகிகொதோவும் அவருள் சிறந்தவர். 1897இல் தொடங்கப்பெற்ற ஹொதோதொகிசு என்னும் இதழ் அக்குழுவினரின் கருத்தை நாடெங்கும் பரப்பியது. 1902 மே மாதம் முதல், தாம் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை, நோய்ப்படுக்கையின் ஆறடி இடமே தம் உலகம் என்னும் கருத்தமைந்த தலைப்பில் நாளிதழில் தொடர்ந்து எழுதிவந்தார் ஷிகி. செப்டம்பர் 19ஆம் நாள் அவர் மறைந்தபொழுது வயது முப்பத்தைந்து நிரம்பவில்லை. எழுந்து நடக்க இயலாத ஒருவர், ஒரு நாட்டின் கவிதையை எழுந்து நடக்கச் செய்தார்.

அவர் குழுவினர் போற்றி வளர்த்த கூட்டத்துக்கு, பாட்டுக் கூட்டம் என்னும் பொருள்பட, குகாய் என்று பெயர். இன்றும் ஜப்பானில் நடைபெற்றுவரும் அதன் முறை எளியது, ஆயினும் நுண்ணியது. கூடியோர் ஒவ்வொருவரும் தம் பாட்டைத் தனித்தனித் தாள்துண்டில் எழுதுவர். பெயர் எழுதுவதில்லை. துண்டுகள் அனைத்தையும் ஒன்றாய்க் கலந்து, மீண்டும் பகிர்ந்துகொள்வர். தம் கைக்கு வந்த பாட்டுகளை ஒவ்வொருவரும் வேறொரு தாளில் படியெடுப்பர். கையெழுத்தைக் கொண்டும் எழுதியவரை அறிந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். பின்னர் அத்தாள்கள் கைம்மாறிச் சுற்றிவரும். அனைத்தையும் படித்து, தமக்குச் சிறந்தனவாகத் தோன்றும் சிலவற்றை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பர். தம் பாட்டைத் தாமே தேர்ந்தெடுத்தல் ஆகாது. தேர்ந்தவற்றை ஒருவர் உரக்கப் படிப்பார். அப்பொழுதுதான் எழுதியவர் தம் பெயரைச் சொல்வார். அதன்பின், அப்பாட்டு ஏன் சிறந்தது, எங்கே தளர்ந்தது என்னும் உரையாடல் நிகழும்.

இம்முறையில் ஆசிரியர் பாட்டும் மாணவர் பாட்டும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. புகழ்பெற்றவர் பாட்டை ஒருவரும் தேர்ந்தெடுக்காமல் விடுதலும் உண்டு. நேற்று வந்தவர் பாட்டு பலரால் தேர்ந்தெடுக்கப்படுதலும் உண்டு. நட்புக்காகப் பாராட்டவும் பகைக்காகப் பழிக்கவும் அங்கு வழியில்லை. உருத்திரசன்மன் கதை எதனைக் குறிப்பாய் உணர்த்தியதோ, அதனையே இம்முறை ஒழுங்காய் வகுத்துத் தருகின்றது.

தமிழிலும் ஹைக்கூ இன்று வேரூன்றிவிட்டது. 1974இல் வெளிவந்த அப்துல் ரகுமானின் பால்வீதி என்னும் நூலில் ஹைக்கூவைத் தழுவிய கவிதைகள் இடம்பெற்றன. 1984இல் அமுதபாரதியின் புள்ளிப் பூக்களும் அறிவுமதியின் புல்லின் நுனியில் பனித்துளியும் தனி நூல்களாக வெளிவந்தன. துளிப்பா என்னும் அழகிய தமிழ்ப்பெயரும் இவ்வகைக்கு வழங்கலாயிற்று. மூன்று வரிதானே என்னும் எளிமையால் எழுதுவோர் தொகை பெருகியது. அவ்வெளிமையே இடராகவும் ஆயிற்று. நீண்ட பாட்டில் ஒரு சொல் தளர்ந்தால், அடுத்த சொற்கள் தாங்கிக்கொள்ளும். சிறுபாட்டில் ஒரு சொல் தளர்ந்தால் பாட்டே சாயும். ஆதலின் நெடும்பாட்டினும் சிறுபாட்டுக்கே ஆராயும் அவை மிகவும் வேண்டும்.

மரக்காணத்துப் பள்ளி ஒன்றில் மாணவர் அறுவர் இம்முறைப்படி கூடினர் எனக் கொள்க. பெயரில்லாத தாளில் ஒரு பாட்டு பின்வருமாறு இருக்கின்றது:

உழைப்பாளி கண்ணீர் போல
வெண்மையாய் மின்னுகின்றது
மரக்காணத்து உப்பு.

உழைப்பவர்பால் இரக்கம் கொண்ட உள்ளம் இப்பாட்டில் புலனாகின்றது, அது போற்றத்தக்கது. ஆயினும் கண்ணீர் வெண்மையாய் இருப்பதில்லையே என்கின்றான் ஒருவன். கண்ணீரையும் உப்பையும் இணைத்துப் பலரும் முன்னரே பாடிவிட்டனர் என்கின்றாள் மற்றொருத்தி. இரங்குக எனப் பாட்டு வற்புறுத்துகின்றது. இரங்கத்தக்க காட்சி எதனையும் காட்டவில்லை என்கின்றான் மூன்றாமவன். அளத்தில் நீ கண்டது யாது என்னும் வினா எழுகின்றது. எழுதிய மாணவி எண்ணிப் பார்க்கின்றாள். சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், வாரிக் குவித்த உப்பைப் பனையோலையால் மூடுவதற்கு ஓடிய தன் தாயும் பிறரும் அவள் நினைவில் வருகின்றனர். அடுத்த கூட்டத்தில் அவள் பாட்டு இவ்வாறு அமைகின்றது:

உப்புக் குவியல்;
மூடி முடியும் முன்னே
முதல் மழைத்துளி.

இங்குக் கண்ணீர் என்னும் சொல் இல்லை. உழைப்பாளி என்னும் சொல்லும் இல்லை. எனினும் ஓடும் கால்களும் பதறும் கைகளும் புலப்படுகின்றன. ஷோஹாகு செய்த சோதனையை அம்மாணவர் இதன்மேல் நடத்துகின்றனர். உப்புக் குவியல் என்பதை நெற்குவியல் என மாற்றினால் என்ன? நெல் நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம்; உப்பு நனைந்தால் கரைந்தே போகும். பல நாள் உழைப்பு மீண்டும் நீராகிவிடும். ஆதலின் உப்பு என்னும் சொல்லை மாற்றுதல் இயலாது. முதல் என்னும் சொல்லை நீக்கினால் என்ன? முதல் துளி விழும்பொழுது இன்னும் சிறிது காலம் உண்டு. மூடிவிடலாம் என்னும் நம்பிக்கையும் உண்டு. மழை வலுத்தபின் அந்நம்பிக்கை இல்லை. ஆதலின் அச்சொல்லும் நிலைபெற்றது. மூடி, முடியும், முன்னே, முதல் என மோனை தொடர்வது மிகையாகாதோ என ஒருவன் ஐயுறுகின்றான். விரைந்து செய்யும் தொழிலின் ஓசையை அது தருகின்றது எனப் பிறர் கூற, அதுவும் ஏற்கப்படுகின்றது. முதல் பாட்டு உப்பைப் பற்றிய ஒரு கருத்தைச் சொன்னது. இரண்டாம் பாட்டு உப்பை நம்பி வாழ்வோருடைய ஒரு கணத்தைக் காட்டியது. அம்மாணவியின் தாய் அதனைக் கேட்டால், இது எங்கள் பாட்டு எனத் தயங்காமல் சொல்வாள்.

இத்தகைய அவையில் அமர்வோர் சில நெறிகளைப் போற்றுதல் வேண்டும். குற்றம் சொல்லுமுன் குணத்தைக் காணுதல் முதல் நெறி. நன்று, தீது எனப் பொதுவாகச் சொல்லாமல், எச்சொல், எக்காரணத்தால் எனச் சுட்டிச் சொல்லுதல் இரண்டாம் நெறி. மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், நின்று பயன் இன்மை எனக் குற்றங்களை நன்னூலார் பெயரிட்டு வைத்தது இத்தகைய ஆராய்ச்சிக்குத் துணையாகவே எனலாம். எழுதியவரை விட்டு எழுத்தை மட்டும் ஆராய்தல் மூன்றாம் நெறி. எழுதியவருக்கும் ஒரு நெறி உண்டு. பிறர் பேசும்பொழுது அவர் இடைமறித்து விளக்கம் தரலாகாது. விளக்கம் தந்தால்தான் பாட்டு விளங்கும் எனின், அவ்விளக்கம் பாட்டினுள் இல்லை என்பதே பொருள். பாட்டு செல்லும் இடமெல்லாம் புலவர் உடன்சென்று பொருள் கூற இயலுமோ?

ஆயின், அவை சொல்வதனைத்தையும் ஏற்றுக்கொள்ளுதலும் தகாது. ஆறுபேர் ஆறு சொல்லை மாற்றினால், எஞ்சுவது எவருடைய பாட்டும் ஆகாது. எவர் கருத்தையும் செவிமடுத்து, தம் நெஞ்சோடு ஒத்துப் பார்த்து, பொருந்துவதைக் கொண்டு பொருந்தாததை விடுதல் புலவர் உரிமை. பாஷோ தந்த சொல்லை முதலில் கேட்டபொழுது போன்ச்சோவின் மனம் உடனே அமைதிகொள்ளவில்லை எனக் கியோராயின் நூல் கூறுகின்றது. அத்தயக்கம் குறை அன்று. தம் பாட்டுக்குத் தாமே பொறுப்பு என்னும் உணர்வின் அடையாளமாகும். உப்பை வடித்த பின்னும் நீரை நிறுத்தினால் கசப்பு ஏறுவதுபோல, நிறைவு பெற்ற பாட்டை மேலும் மேலும் திருத்தினால் அதன் சுவை கெடும். போதும் என நிறுத்தும் துணிவை அவை தராது, புலவரே பெறவேண்டும்.

நான்கு நண்பர், ஒரு மரநிழல், சில தாள்துண்டு ஆகிய இவை போதும், ஓர் அவையை அமைப்பதற்கு. பொருளோ, பட்டமோ, பெரிய மண்டபமோ அதற்கு வேண்டா. தம் எழுத்தின் குறையைப் பிறர் வாயால் அமைதியாகக் கேட்கும் பொறுமையும், பிறர் எழுத்தின் நிறையை அழுக்காறின்றி எடுத்துரைக்கும் நேர்மையும் இருந்தால் போதும். இவ்விரு பண்பும் பாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. இளமையில் மூன்று வரிப் பாட்டை வைத்து இவற்றைப் பழகியவர், பிற்காலத்தில் ஊர் மன்றிலும் நாட்டு அவையிலும் பெயரை நோக்காது பொருளை நோக்கும் நடுவுநிலையைக் கைவிடார்.